சனிக்கிழமையில் பிடுங்கக் கூடாத பல்

சிக்கல் வரக்கூடும் என்று தெரிந்த பல்லை வாரத்தின் தொடக்கத்தில், காலை வேளையில்தான் எடுக்க வேண்டும். பிறகு இரத்தம் நிற்காமல் போனாலும் வீக்கம் வந்தாலும் மருத்துவமனை திறந்திருக்கும், கூப்பிட்டால் வர ஆள் இருக்கும். இதுதான் விதி. நானும் இதைத் தேர்வில் அழகான கையெழுத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான்.

திருப்பூருக்கு இந்த விதியை யாரும் சொல்லவில்லை. அங்கே சம்பளம் சனிக்கிழமை. மாலையில் சம்பளத்தை வாங்கி, வழியில் பஜ்ஜி தின்று, அந்தப் பஜ்ஜி எந்தப் பல்லில் சிக்கி உயிரை எடுக்கிறதோ அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஞாயிறு முழுக்கத் தாடையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் திங்கள் காலை ஷிப்டுக்குத் தயார். பனியன் கம்பெனிக்கு இது வசதி. தொழிலாளிக்கும் வசதி. ஞாயிறன்று பல் பிரிவைப் பூட்டிவிட்டுப் போகிற எங்களுக்கு எல்லாரையும்விட வசதி; ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது எங்கள் காதுக்கு வருவதே இல்லை.

எண்பதுகளின் நடுவில் அந்த ஊரில் தொழிலாளர்களுக்கான ஒரு மருத்துவமனையில் பல் மருத்துவராகச் சேர்ந்து, தொண்ணூறுகள் முடியும்வரை இருந்தேன். புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதச் சொன்னார்கள். பல்லை எப்படி எடுப்பது என்று எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், உங்கள் கருவிகளும் என்னுடையவற்றைவிட நல்லவை. எடுக்காமல் திருப்பி அனுப்பிய ஒரு பல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

1991. ஏற்றுமதி வேலை மும்முரமாக இருந்த மாதம். வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் பெயர் ஜேசுராஜ். இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து நல்லூரில் ஒரு கம்பெனியில் டைலராக இருந்தான். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. எடுக்க வேண்டிய பல்தான், சந்தேகமில்லை. அவனுடைய மருத்துவ அட்டையில் எங்கள் மருத்துவர் ஒருவர் ‘சாய அலர்ஜி’ என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டு சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருப்பூரில் யாருக்கு எது வீங்கினாலும், தடித்தாலும், சிவந்தாலும் சாய அலர்ஜி. சாயப்பட்டறைகள் அத்தனை இருந்ததால் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஒரு காரணம் பெரும்பாலும் உண்மையாக இருந்துவிட்டால் மருத்துவர்கள் வேறு காரணம் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். அவில் மாத்திரை, ஒரு ஊசி, அடுத்த ஆள்.

நான் மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தேன். கதவருகில் நின்ற பெண் ஒருத்தி உள்ளே வந்துவிட்டாள்.

“யம்மா, செத்த நில்லுங்க. ஊசி போடாதிய.”

அவனுடைய அக்கா ரோஸ்லின். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்த துணியில் குறை பார்க்கிற வேலை. தலைமுடியில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

“ஏலா, நீ சும்மா வெளிய நில்லு” என்றான் ஜேசுராஜ், வாயைத் திறந்தபடியே.

“நீ வாயப் பொத்துல.” என்னிடம் திரும்பினாள். “யம்மா, எங்க அண்ணனும் இப்பிடித்தான் பல்லு புடுங்கப் போனான். புடுங்கிட்டு வந்து நல்லாத்தான் இருந்தான், கஞ்சி குடிச்சான். மறுநா காலைல உதடு பணியாரம் கணக்கா வீங்கிட்டு. உச்சிக்குத் தொண்ட அடச்சிட்டு. பஸ்ஸுல தூக்கிட்டுப் போம்போதே போயிட்டான். ஊசி ஒத்துக்கிடலன்னு சொன்னாவ.”

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் பொறுமையிழந்தார். “ஏனுங்க அம்மிணி, பல்லுப் புடுங்கறதுக்கு வந்த எடத்துல குடும்பக் கதையெல்லாம் எதுக்குங்க? எங்களுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகுதில்லீங்க?”

அவர் சொன்னது நியாயம். எங்கள் வேலையில் வரிசை எப்போதும் நியாயத்தையே பேசும். அவசரமாக முடிவெடுக்க வைப்பது கெட்ட மனிதர்கள் இல்லை, நியாயமான வரிசைதான். நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஜேசுராஜிடம் கேட்டேன்.

“உனக்கு எப்போ வீங்கும்?”

“எப்பவாச்சும் வரும்மா. கத்திரி ரொம்பப் புடிச்சா கை வீங்கும். ஒருதடவ சைக்கிள்ல இடிச்சு கால் வீங்கிச்சு. மூணு நாள்ல தானா வத்திரும்.”

“அரிக்குமா? தடிப்புத் தடிப்பா வருமா?”

“அரிப்பே இருக்காதும்மா. சும்மா உப்பிக்கிட்டு நிக்கும்.”

“எந்தச் சாயத்துல வேலை பார்க்கறே?”

“சாயமா? நம்ம கம்பெனி வெள்ளை பனியன்தானம்மா தைக்கிது.”

அதற்குமேல் நான் கேட்டது ஒரு கேள்விதான். வயிற்று வலி வருமா? அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். வலப்பக்கத்தில் ஒரு தழும்பு. ஊரில் குடல்வால் என்று சொல்லி அறுத்திருக்கிறார்கள். “தொறந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு தச்சுட்டாவ” என்றாள் ரோஸ்லின். தகப்பனாருக்கும் கை கால் வீங்குமாம்.

அரிப்பில்லாத வீக்கம். வற்ற மூன்று நாள். காரணமில்லாத வயிற்று வலி. குடும்பத்தில் பல் பிடுங்கியபின் ஒரு சாவு. படிக்கும்போது இப்படி ஒரு நோயைப் பற்றி ஒரே ஒரு பத்தி படித்திருந்தேன். பிறவியிலேயே வருகிற வீக்க நோய், பல்லாயிரம் பேரில் ஒருவருக்கு வரும், தேர்வில் வராது என்று சீனியர்கள் தாண்டிப் போகச் சொன்ன பத்தி. தேர்வில் வரவில்லை. சனிக்கிழமை மாலையில் வந்தது.

கிருமிக்கும் வலிக்கும் மாத்திரை கொடுத்து, பல்லைத் தொடாமல் அனுப்பினேன். அடுத்து வந்து உட்கார்ந்த பெரியவர் வாயைத் திறக்குமுன் கேட்டார், “எம்பட பல்லையாச்சும் புடுங்குவீங்களா, இல்ல எனக்கும் ஜாதகம் பாக்கோணுங்களா?”

*

திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு போன் செய்தேன். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்த பொது மருத்துவர் ஒருவர் இப்படிப்பட்ட நோயாளிகள் இரண்டு மூன்று பேரைப் பார்த்தவர் என்று தெரியும். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. போனில் அவர் யாரிடமும் நலம் விசாரித்ததாக வரலாறு இல்லை.

“இது அலர்ஜியே இல்லைம்மா. அலர்ஜிக்கு வெச்சிருக்கற பெட்டியை மூடி வை. இவனுக்குத் தொண்டை வீங்கினா உன் அவிலும் கேக்காது, ஸ்டீராய்டும் கேக்காது, அட்ரினலினையும் நம்பாதே. வீங்கினப்பறம் கழுத்துல ஓட்டை போடற வைத்தியம்தான் மிச்சம். அதுக்கு உங்க ஊர்ல ராத்திரி ஆள் இருக்கா?”

இல்லை என்றேன்.

“அப்போ வீங்கறதுக்கு முன்னாடியே வைத்தியத்தை முடிச்சிடு.”

நோயின் சாரத்தை நான் ஜேசுராஜுக்குச் சொன்ன விதத்திலேயே உங்களுக்கும் சொல்கிறேன். பவர் தையல் மெஷினில் பெடலிலிருந்து காலை எடுத்தால் ஊசி நிற்க வேண்டும். அப்படி நிறுத்துகிற ஒரு புரதம் எல்லார் இரத்தத்திலும் உண்டு. அவன் இரத்தத்தில் அது பிறவியிலேயே குறைவு. பல் எடுப்பது பெடலை அழுத்துகிற மாதிரி. மற்றவர்களுக்குக் கொஞ்சம் ஓடி நின்றுவிடும், அவனுக்கு நிற்காது. வீக்கம் உடனே வராது. பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் வரும். சனிக்கிழமை மாலை பிடுங்கினால் ஞாயிற்றுக்கிழமை. அவன் அண்ணன் கதை அதுதான்.

அந்தக் காலத்தில் நமக்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, டானசோல் என்ற கேப்சூல். முன்கூட்டியே ஐந்து நாளாவது தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பு அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்துகொள்ளும். பல் எடுத்தபிறகும் சில நாள் தொடர வேண்டும். இன்னொன்று, பல் எடுப்பதற்கு முன் பிளாஸ்மா ஏற்றுவது. அதில் அந்தப் புரதமே இருக்கிறது. ஆனால் அது மற்றவர் இரத்தம், அதற்குரிய பயங்களோடு வரும். இன்று அந்தப் புரதத்தையே தனியாகப் பிரித்த மருந்து இருக்கிறது, உங்களுக்கான நெறிமுறையும் வேறு, அதைப் படித்துக்கொள்ளுங்கள். என் கதையைப் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள்.

கேப்சூல் எங்கள் மருந்தகத்தில் இல்லை. எதிர் அறை மகப்பேறு மருத்துவரின் அலமாரியில் இருந்தது. அது கர்ப்பப்பைக் கோளாறுக்குக் கொடுக்கிற மருந்து. கேட்கப் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “பல்லுக்குக் கர்ப்பப்பை எப்ப முளைச்சுதுங்க மேடம்?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

நோயை உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை சென்னையில் ஓர் ஆய்வகத்தில் மட்டும் நடந்தது. ஜேசுராஜிடம் இரத்தம் எடுத்தபோது ரோஸ்லின் தானாகவே முழங்கையை நீட்டினாள். “எனக்கும் பாருங்க.” அவளுக்கு ஒருநாளும் எதுவும் வீங்கியதில்லை. ஆனாலும் எடுத்தேன். இரண்டு குப்பிகளும் ஐஸ் பெட்டியில் சென்னை போயின. முடிவு எப்போது வரும் என்று கேட்டதற்கு, பரிசோதனைப் பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். பல் அதுவரை காத்திருக்காது. நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது என்று முடிவு செய்தேன். இல்லாவிட்டால் நஷ்டம் சில கேப்சூல்கள். இருந்து, இல்லையென்று நினைத்தால் நஷ்டம் வேறு.

பல் எடுக்கும் நாளாக அடுத்த வாரம் செவ்வாய் காலையைக் குறித்தேன். எங்கள் பிரிவின் ஆயா பழனியம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. “செவ்வாக்கெழமைல போயி ரத்தக்காயம் பண்ணுவாங்களாங்க? ஒரு நாளு தள்ளி வெச்சாத்தான் என்னுங்க?”

“எங்களுக்கு எல்லாம் கர்த்தர் குடுத்த நாளுதான் பாட்டி” என்றாள் ரோஸ்லின். பழனியம்மாள் என்னைப் பார்த்து, “பாட்டியாமாங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஜேசுராஜ் வந்தபோது தாடையின் ஒரு பக்கம் உப்பியிருந்தது. லேசாகக் காய்ச்சல். உள்ளே எல்லாம் தயார். கேப்சூல்களை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். பதில் கொஞ்சம் வேகமாக வந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘சாப்பிட்டாயா’ என்று நோயாளியிடம் கேட்காதீர்கள். அதற்கு ஆமாம் என்ற ஒரே பதில்தான் உண்டு. அது மரியாதையான பதில். வேறு எதையாவது கேளுங்கள்.

“பெரிசா இருக்குமே, எப்படி முழுங்கினே?”

“ரெண்டா உடைச்சு முழுங்கினேன்மா.”

கேப்சூலை இரண்டாக உடைக்க முடியாது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். ரோஸ்லினுக்குப் புரிந்துவிட்டது.

“ஏலே! திங்கலையால நீ?”

முதல் நாள் சாப்பிட்டிருக்கிறான். மறுநாள் கம்பெனிக்கு எதிரில் இருந்த மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை வாங்கும்போது, பையிலிருந்த கேப்சூல் அட்டையைக் கடைக்காரர் பார்த்து, “இது பொம்பளையாளுக சாப்புடறதுங்களே தம்பி, உங்குளுக்கு யாரு குடுத்தாங்க?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் கம்பெனிக்காரர்கள் இருவர் நின்றிருந்தார்கள். அவ்வளவு போதும். மதியத்துக்குள் மெஷின் வரிசை முழுக்கப் பரவிவிட்டது. “ஜேசு, எத்தன மாசம்?” “வளைகாப்புக்கு எங்களைக் கூப்புடுவியா?” கட்டிங் மாஸ்டர் அவன் மெஷின்மேல் ஒரு மாங்காயைக் கொண்டுவந்து வைத்தாராம். அவன் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டான்.

ரோஸ்லின் கையை ஓங்கினாள். நான் பாய்ந்து பிடித்துக்கொண்டேன். “அடிக்காதே. அடிச்ச இடமும் வீங்கும்.” ஓங்கிய கை அப்படியே தொங்கிப்போனது. அவள் சுவரோரம் போய் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். “ஒருத்தனை அனுப்பியாச்சு. இவனையும் அனுப்பிட்டு நான் அம்மைட்ட என்னத்தச் சொல்லுவேன்?”

அவனைத் திட்டிப் பயனில்லை. அந்த மருந்து எதற்குரியது என்று அவனிடம் முதலிலேயே நாங்கள் சொல்லவில்லை. கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு மருந்தைப் பற்றி நீங்கள் சொல்லாமல் விட்டதை ஊர் சொல்லும், ஊர் சொல்கிற விதத்தில் சொல்லும்.

இப்போது தாடை. அது சீழா, அந்த நோயின் வீக்கமா? விரலால் அழுத்தினேன். சூடாக இருந்தது, சிவந்திருந்தது, அவன் துள்ளினான். அந்த நோயின் வீக்கம் குளிர்ந்தும் வெளிறியும் இருக்கும், வலிக்காது. ஆக, இது சீழ். இதற்கு முன் எந்த நோயாளிக்காவது சீழ் என்று தெரிந்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேனா என்று நினைவில்லை.

சந்தோஷம் நீடிக்கவில்லை. புதிதாகக் கேப்சூல் தொடங்கி ஐந்து நாள் காத்திருந்தால் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கிக் கழுத்துக்குப் போகலாம். அதுவும் மூச்சை அடைக்கும். தவிர, சீழும் ஒரு காயம்தான்; அதுவே பெடலை அழுத்தக்கூடும். இப்போதே எடுத்தால், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் எடுக்கிறோம். காத்திருப்பதும் ஆபத்து, எடுப்பதும் ஆபத்து என்ற நிலை வரும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது வேறொரு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவது. சட்டப்படி அது சரி. கடிதத்தை வாங்கிக்கொண்டு நோயாளிகள் நேரே கம்பெனிக்குப் போவார்கள், ஏனென்றால் ஷிப்மெண்ட். அதுவும் எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். “கூட்டிட்டு வா. பிளாஸ்மா நான் ஏற்பாடு பண்றேன்” என்றார் அந்த மருத்துவர். “பல்லை யார் எடுக்கறது?”

“நானே வரேன்.”

“நல்லது. இங்க இருக்கறவங்களுக்கு விளக்கிச் சொல்ற நேரம் மிச்சம்.”

வண்டிக்காகக் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டோம். காங்கேயத்துக்காரர், நேரிலேயே வந்துவிட்டார்.

“ஏனுங்க டாக்டரம்மா, ஒரு பல்லுக்குப் போயி கோயமுத்தூருங்களா? வார வெள்ளிக்கெழமை ஷிப்மெண்ட்டு வெச்சிருக்கறனுங்க. மாத்தர போட்டு ரெண்டு நாளு தள்ளுனா ஆகாதுங்களா?”

ஷிப்மெண்ட்டில் தப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“திருப்பி அனுப்பிப்போடுவாங்க. வேற பண்ணிக் குடுக்கோணுமுங்க.”

“இவன் அண்ணனை யாரும் திருப்பி அனுப்பலைங்க.”

அவர் ரோஸ்லினைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க நடங்க சாமி, வேன் கீழதான் நிக்குது. அட்டப்பொட்டி ஏத்தியிருக்குது, எறக்கச் சொல்றேன்.” பாதிப் பெட்டிகளை எங்கள் மருத்துவமனை வாசலிலேயே இறக்கினார்கள். அன்றெல்லாம் புறநோயாளிகள் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு பழனியம்மாள் சொன்னாள்.

*

கோயம்புத்தூரில் முதலில் பிளாஸ்மா ஏறியது. தொண்டை மருத்துவர் ஒருவர் கழுத்தைத் திறக்கும் கருவிகளோடு அறைக்குள் வந்து, அவற்றை அவன் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு நின்றார். முழு மயக்கம் கொடுக்கவில்லை. தொண்டைக்குள் குழாய் விடுவதே வீக்கத்தைத் தூண்டும் என்பதால் மரத்துப்போகும் ஊசி மட்டும். நெம்புவதில் எனக்குக் கொஞ்சம் முரட்டுக் கை என்று பேர். அன்று வெண்ணெயில் மாட்டிய முடியை எடுப்பதுபோல அந்தப் பல்லை எடுத்தேன். சீழ் வடிந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து, “அவ்வளவுதானாம்மா?” என்றான்.

அவ்வளவுதான் என்று சொல்ல மறுநாள் மாலைவரை எங்களுக்கு உரிமை இல்லை. குரல் மாறுவதுதான் தொண்டை வீக்கத்தின் முதல் அறிகுறி. கரகரப்பாகும், கம்மும். அதனால் செவிலியர் வரும்போதெல்லாம் அவன் எதையாவது சொல்ல வேண்டும், ஒரே வாசகமாக இருந்தால் ஒப்பிட எளிது. என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ரோஸ்லின்தான் எடுத்துக் கொடுத்தாள். “சைஸ் சொல்லுல.” அவன் பனியன் சைஸ்களைச் சொன்னான்: எழுபத்தஞ்சு, எம்பது, எம்பத்தஞ்சு, தொண்ணூறு, தொண்ணூத்தஞ்சு, நூறு. அந்த வார்டில் இருந்த மற்ற நோயாளிகள் அவன் வியாபாரம் செய்ய வந்திருப்பதாக நினைத்தார்கள். ஒருவர் தொண்ணூறில் இரண்டு வேண்டும் என்று கேட்டார்.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. சொல்ல எதுவும் இல்லாமல் போவதற்குத்தான் இத்தனையும்.

மறுநாள் காலை கீழுதடு ஓரத்தில் வீங்கத் தொடங்கியது. குளிர்ந்து, வெளிறி, வலியில்லாமல். ரோஸ்லின் அதைப் பார்த்தவுடன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்பு பார்த்தது அப்படித்தான் தொடங்கியிருந்தது. தொண்டை மருத்துவர் வந்து கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேலும் பிளாஸ்மா கொடுக்கலாமா என்று கேட்டேன். பொது மருத்துவர் தலையசைத்து மறுத்தார். வீங்கத் தொடங்கியபின் கொடுத்தால் அபூர்வமாக அது வீக்கத்தையே கூட்டும் என்றார். “குடுத்தது வேலை செய்யுதான்னு பாப்போம். பாக்கறதும் வைத்தியம்தான்.”

ஜேசுராஜ் சைஸ் சொன்னான். எழுபத்தஞ்சு, எம்பது. உதடு தடித்ததால் வார்த்தை குழறியது, குரல் கம்மவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதைக் காதால் பிரித்துக் கேட்க அன்றுதான் கற்றேன். உச்சிப் பொழுது வந்தது, தாண்டியது. வீக்கம் உதட்டைவிட்டு நகரவில்லை. மாலையில் வற்றத் தொடங்கியது.

“நூறு” என்று அவன் முடித்தபோது ரோஸ்லின் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். “மாங்கா வச்சவன் எவன்னு சொல்லு. அவனுக்கு இருக்கு” என்றாள்.

*

இந்த இடத்தில் முடித்தால் நல்ல கதை. எங்கள் வேலையில் நோயாளி வீட்டுக்குப் போனதோடு கோப்பை மூடிவிடுவோம். பிறவி நோயில் கோப்பு ஒருவருடையது அல்ல.

சில வாரம் கழித்து ரோஸ்லின் தனியாக வந்தாள். அவளிடம் கிராம்பு வாசனை வந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். தயங்கித் திறந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் பாதி கரைந்திருந்தது. தம்பியின் பல்லைவிட மோசம், அதைவிடப் பழையது.

“எத்தனை நாளா?”

“அண்ணன் போனதுலேர்ந்துன்னு வையுங்க.”

தம்பி நாற்காலியில் உட்கார்ந்தபோது கதவருகில் நின்றவளுக்கு அத்தனை நாளும் வலித்துக்கொண்டிருந்திருக்கிறது. கோயம்புத்தூரில் பிளாஸ்மா ஏற்றி எடுத்துவிடலாம் என்றேன். மறுத்துவிட்டாள். நோய் இருக்கிறதா என்று தெரியாமல் அடுத்தவர் இரத்தத்தை ஏற்றிக்கொள்ள அவளுக்கு மனமில்லை. பிறகு உண்மையான கேள்விக்கு வந்தாள்.

“எனக்கும் இருந்தா, பொறக்குற புள்ளைக்கும் வருமாம்மா?”

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொன்னேன். இந்த மாதிரிக் கேள்விக்குத் தட்டிக்கொடுத்துப் பேசிவிட்டால் நமக்கு அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும், அவர்களுக்கு ஆயுள் முழுக்க வராது.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஊரில் அவளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். “சென்னைலேர்ந்து பதில் வரட்டும். அதுவரைக்கும் பல்லும் இருக்கட்டும், கல்யாணமும் இருக்கட்டும். மாப்பிள்ள வீட்டுக்காரவட்ட ஷிப்மெண்ட் முடியலன்னு சொல்லியிருக்கேன்.”

நான் ஆய்வகத்துக்கு நினைவூட்டல் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது நினைவூட்டல் எழுதினேன். ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று பதில் வந்தது. தீபாவளி போனது, கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. மாதம் ஒருமுறை ரோஸ்லின் வந்து எட்டிப் பார்ப்பாள். நான் கையை விரிப்பேன். “சரிம்மா” என்று போய்விடுவாள். பழனியம்மாள் அவளை உட்காரவைத்து டீ கொடுப்பாள். பாட்டி என்றதை மன்னித்துவிட்டிருந்தாள். ஜேசுராஜ் அவள் மாதிரி அலைவதில்லை. அவனுக்கு என்ன இருக்கிறது என்று அவன் உதட்டுக்கே தெரிந்துவிட்டது.

கடைசியில் உறை வந்தது. உள்ளே ஒரு தாள், இரண்டு வரி. கம்பெனிக்கு ஆள் அனுப்பினேன். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்தாள். அக்குளில் டிபன் டப்பா, திறக்கவே இல்லை. ஜேசுராஜின் இரத்தத்தில் அந்தப் புரதம் மிகக் குறைவு. அவளுடைய இரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை. படித்துச் சொன்னேன். புரிந்ததா என்று தெரியாமல் மறுபடியும் சொன்னேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். பழனியம்மாள் சிரித்துவிட்டாள். ரோஸ்லின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப அண்ணனுக்கும் தம்பிக்கும் மட்டுந்தானா?” என்றாள். “ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?”

நோய் இருக்கிறது என்று சொல்வதற்கு நாங்கள் பயிற்சி பெற்றிருக்கிறோம். இல்லை என்று சொல்லும்போதும் ஒருவர் அழக்கூடும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். நீங்களும் அந்த இடத்தில் பதில் தேடாதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

பிறகு அவள் டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு, தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கேப்சூல் இல்லை, பிளாஸ்மா இல்லை, கதவருகில் யாரும் நிற்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் எடுப்பதுபோல எடுத்தேன். அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு, கையை ஆட்டி விடைபெற்று, மதிய வேலைக்குப் போனாள்.

அதன்பிறகு மேசைக்கு வந்து அந்தத் தாளை எடுத்தேன். வந்த கடிதத்தின் தலைப்பில் அது கிடைத்த தேதியைக் குறிக்க வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. அவள் பல்லை எடுக்குமுன் கிழமை பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. குறித்தேன்: 12.3.1992, வியாழக்கிழமை.